மஞ்சள் வயரும் கறுப்பு வெள்ளைப் படங்களும்

உலக சினிமா குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒளியைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் நிறையவே பேசப்படுகிறது. ஒளிப்பதிவாளரின் பெயர், லென்ஸின் தன்மை, சட்டகத்தின் ஒழுங்கு என எதுவும் விடுபடுவதில்லை. கட்டுரையாளர் அந்தப் படத்தை எதில் பார்த்தார் என்பது மட்டும் எழுதப்படுவதே இல்லை. திரையரங்கிலா, கணினியிலா, வீட்டுத் தொலைக்காட்சியிலா? வட்டு எது? வட்டைச் சுழற்றிய பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் ஓடிய வயர் எது? கவிதைத் தொகுப்பில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் மதிப்புரையில் அரைப் பத்தி ஒதுக்கிக் கண்டிக்கும் நாம், படத்தின் நுணுக்கத்தைத் தின்றுவிடும் வயரைப் பற்றி வாய் திறப்பதில்லை. பாடபேதம் பார்க்கும் மரபு நமக்கு உண்டு. உ.வே.சா. ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிய கதையை ஆண்டுக்கு ஒருமுறையாவது யாரேனும் எழுதுகிறார்கள். சினிமா என்று வந்துவிட்டால் கையில் கிடைத்ததே மூலப்பிரதி, கண்ணில் பட்டதே இயக்குநரின் நோக்கம்.

வயர் கடைக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், இலக்கிய வாசகர் அதில் தலையிடுவானேன் என்று கேட்கப்படலாம். கடைக்காரர் பார்த்துக்கொள்வதில்லை என்பதுதான் பதில். அவர் ஒன்று பிளேயரோடு அட்டைப்பெட்டிக்குள் வந்த மூன்று பின் வயரையே மாட்டிக் கொடுத்துவிடுகிறார். இல்லையென்றால் தங்கமுலாம் பூசிய, விரல் தடிமனுள்ள வயரை எடுத்து நீட்டுகிறார். முதலாவதில் படம் கெடுகிறது. இரண்டாவதில் பணம் போகிறது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த வகை வயர் என்பது மிக முக்கியம். அந்த வகைக்குள் என்ன விலை என்பது ஏறக்குறைய முக்கியமே இல்லை. நம் ஊர்க் கடைகளில் இந்த இரண்டும் தலைகீழாக நடக்கின்றன.

ஒடுகத்தூர் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டத்தில், மலையடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. வெளியூர்க்காரர்கள் இதை வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையால் அறிந்திருக்கலாம். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் சற்றுத் தொலைவில் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த பகுதி. 1947இல் தொடங்கிய கல்கத்தா பிலிம் சொசைட்டியின் வழியில் இந்தியப் பெருநகரங்களில் திரைப்படச் சங்கங்கள் தோன்றின. 1964இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது. அந்தச் சுருள்களில் ஒன்றுகூட எங்கள் பக்கம் வந்து ஓடியதில்லை. இங்குள்ள வாசகர்களுக்கு உலக சினிமா டிவிடி வட்டாகத்தான் வந்து சேர்ந்தது. ஷிப்ட் முடித்து வருபவர்களும் பள்ளி ஆசிரியர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு நண்பரின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்துவிட்டு விடிய விடியப் பேசுகிறோம். இன்று எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்றால், கிடைக்காதவையும் நிறைய இருக்கின்றன. இன்று இருந்து அடுத்த மாதம் காணாமல் போகிறவையும் உண்டு. வட்டு அலமாரியில் இருக்கிறது. எனவே வயரும் இருக்கிறது.

மஞ்சளிலிருந்து தொடங்குவோம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று பின்களில் வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கானவை. ஒன்று இடம், மற்றது வலம். முழுப் படமும் மஞ்சள் ஒன்றின் வழியாகவே போகிறது. கம்போசிட் என்று அதற்குப் பெயர், அதாவது கலவை. எதையும் எதையும் கலந்தார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கு விதி வகுத்தபோது, ஏற்கெனவே மக்கள் காசு கொடுத்து வாங்கிவைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் குப்பைக்குப் போய்விடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஆகவே ஒளியளவைச் சுமக்கும் பழைய அலையை அப்படியே விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் வேகமாகத் துடிக்கும் இன்னொரு அலையில் ஏற்றி அதற்குள்ளேயே செருகினார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டி அந்தத் துடிப்பைப் பொருட்படுத்தாது. வண்ணப் பெட்டி அதைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். 1960களில் ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் இதைச் செம்மைப்படுத்தி பால் என்ற முறையை உருவாக்கினார். 1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது இந்தியா ஏற்றது இந்த முறையைத்தான். இதில் நிறத்தைச் சுமக்கும் அலை நொடிக்குச் சுமார் 44 லட்சம் முறை துடிக்கிறது.

அன்றைய நிலையில் இது மேதைமையான ஏற்பாடு. ஏழைப் பார்வையாளரை நினைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு என்றும் சொல்லலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், படத்தின் நுண்ணிய பகுதிகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் துடிக்கக்கூடியவை. நெருக்கமான கோடு போட்ட சட்டை, ஓலைக்கூரை, மூங்கில் தட்டி, மீன்வலை, ஓட்டு வரிசை. கறுப்பும் வெளுப்புமாக நெருங்கி மாறும் எதையும் மின்னலையாக்கினால் அது வேகமான துடிப்பாகவே வரும். தொலைக்காட்சிக்கு அது கூரையா நிறமா என்று தெரிவதில்லை. நிறம் என்றே எடுத்துக்கொள்கிறது. உடனே கூரை மேல் மெலிதாக ஒரு வானவில் ஓடும். ஆள் அசைந்தால் சட்டையின் மேல் பச்சையும் ஊதாவும் புரளும். மறுபுறம், பிரிக்கப்படாமல் மிஞ்சிய நிறத் துடிப்பு, நிறங்கள் சந்திக்கும் ஓரங்களில் எறும்புச் சாரைபோல் புள்ளிகளாக ஊரும். மஞ்சள் எழுத்துச் சப்டைட்டிலின் விளிம்பை உற்றுப் பார்த்தவர்களுக்கு அந்த எறும்புகள் பழக்கமானவை.

வண்ணப் படத்தில் இந்தக் குறையை மனம் ஒருவாறு மன்னித்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் மன்னிக்க வழியில்லை. படத்தில் நிறமே இல்லாதபோது எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பிளேயருக்குத் தான் ஓட்டுவது கறுப்பு வெள்ளைப் படம் என்று தெரியாது. இது வண்ணப் படம், நிறத்தைத் தேடு என்ற கட்டளையை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தொலைக்காட்சியும் தேடுகிறது. தேடினால் கிடைக்கத்தானே செய்யும்? 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) கூரையும் வேலியும் நாணலும் நிறைந்திருக்கின்றன. மஞ்சள் வயரில் அந்த ஊரின் மேல் அடிக்கடி வானவில் படிகிறது. ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' (1978), எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) எதற்கும் இதே கதிதான். 1978இல் வண்ணம் எளிதாகக் கிடைத்தபோதும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட ஒரு படத்துக்கு நாற்பது ரூபாய் வயர் ஒன்று நிறம் பூசுவதை என்னவென்று சொல்வது!

ராயின் படச்சுருளுக்கு நேர்ந்ததை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். 1993இல் லண்டனில் ஒரு லேபில் ஏற்பட்ட தீயில் அப்பு முப்படங்களின் நெகட்டிவ்கள் கருகின. அந்தக் கருகிய சுருள்களைப் பின்னாளில் இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் கையாலேயே பதப்படுத்தி, ஒட்டி, சீர்செய்து, 2015இல் புதிய பிரதி வெளியானது. அத்தனை உழைப்பின் பயனையும் கடைசி ஒன்றரை மீட்டரில் நாம் கெடுத்துக்கொள்கிறோம்.

இதற்குச் செலவில்லாத கைவைத்தியம் ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைப் படம் ஓடும்போது தொலைக்காட்சியின் நிற அளவைச் சுழியத்துக்கு இறக்கிவிட வேண்டும். வானவில் போய்விடும். ஆனாலும் நிறத்தைப் பிரிப்பதற்காகப் பெட்டி படத்தின் நுணுக்கத்தைச் சற்று அரித்தே கொடுக்கும். அது திரும்ப வராது. இதைவிட மேலான வழியை ஒடுகத்தூர்க் கூடத்தில் பலமுறை பயன்படுத்தியிருக்கிறோம். பிளேயரின் முதுகில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்போனன்ட் என்பது அவற்றின் பெயர். இந்த மூன்றில் பச்சை, ஒளியளவை மட்டும் சுமக்கிறது. அதாவது கறுப்பு வெள்ளைப் படம் முழுவதும் அந்த ஒரு துளைக்குள்ளேயே இருக்கிறது. தொலைக்காட்சியில் மஞ்சள் துளை மட்டுமே இருந்தாலும் பாதகமில்லை. மஞ்சள் வயரின் ஒரு முனையைப் பிளேயரின் பச்சையில் செருகி, மறுமுனையைத் தொலைக்காட்சியின் மஞ்சளில் செருகினால் போதும். பிளேயரின் அமைப்புகளில் புரோகிரெசிவ் என்பதை மட்டும் அணைத்துவிட வேண்டும். இல்லையெனில் படம் நிற்காது. இப்போது நிறத்தைத் தேடு என்ற கட்டளையே போவதில்லை. தொலைக்காட்சி இதைப் பழைய கறுப்பு வெள்ளை ஒளிபரப்பு என்று எடுத்துக்கொண்டு, வடிகட்டாமல் காட்டுகிறது. பல பெட்டிகளில் கூரையின் ஓலைகள் அப்போதுதான் தனித்தனியாகத் தெரிகின்றன. வயர் அதே நாற்பது ரூபாய் வயர்தான், துளைதான் மாறியது.

வண்ணப் படத்துக்கு மூன்று துளைகளையும் இணைக்க வேண்டும். தொலைக்காட்சியிலும் அந்த மூன்று துளைகள் இருக்க வேண்டும். நீலமும் சிவப்பும் நிறத்தைத் தனியே கொண்டுபோவதால் கலப்பதும் பிரிப்பதும் நேராது. இதற்கென்று தனி வயர் விற்பார்கள். ஓரிரு மீட்டர் தூரத்துக்கு மூன்று பின் ஏவி வயர் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும். மஞ்சளைப் பச்சைக்கும், மற்ற இரண்டை நீலத்துக்கும் சிவப்புக்கும் மாட்டினால் சரி. ஒலிக்கு இன்னொரு வயர் தேவைப்படும். சிவப்புத் துளை ஒலிக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரண்டு இருப்பதால் மாற்றிச் செருகிவிட வாய்ப்புண்டு. முகங்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது எஸ்-வீடியோ. ஒளியளவை ஒரு கம்பியிலும் நிறத்தை இன்னொரு கம்பியிலும் அனுப்பும் நான்கு முள் வட்ட பின். 1987இல் சூப்பர் விஎச்எஸ்ஸோடு பரவியது. மஞ்சளைவிட எவ்வளவோ மேல். அந்த முட்கள் வளைந்துபோகும் என்பதுதான் அதன் ஒரே தொல்லை. ஐரோப்பாவிலிருந்து ஊருக்குக் கொண்டுவரப்பட்ட பிளேயர்களில் இருபத்தொரு முள் கொண்ட அகலமான துளை ஒன்று இருக்கும். பிரான்சில் பிறந்த ஸ்கார்ட் அது. நிறங்களைத் தனித்தனியே அனுப்பும் திறன் அதற்கு உண்டு. பாரிஸிலும் டொராண்டோவிலும் இருந்து எழுதும் ஈழத்து நண்பர்களில் பாரிஸ்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆனால் ஸ்கார்ட்டை மூன்று பின்னாக மாற்றித் தரும் மலிவான அடாப்டரில் பெரும்பாலும் கலவை மஞ்சள்தான் வெளியே வரும்; இங்கே அதை வாங்கிப் பயனில்லை.

எச்டிஎம்ஐ பற்றி விளக்க அதிகம் இல்லை. 2002 இறுதியில் அதன் முதல் வரையறை வெளியானது. வட்டில் எண்களாக இருக்கும் படத்தை எண்களாகவே தொலைக்காட்சிக்குக் கொண்டுசேர்க்கிறது. நடுவில் அலையாக்கி மீண்டும் எண்ணாக்கும் வேலை இல்லை. பிளேயரில் அந்தத் துளை இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது விலையை மட்டுமே. இங்கேதான் கடைக்காரர்களின் கவிமனம் விழித்துக்கொள்கிறது. இந்த வயரில் கறுப்பு இன்னும் ஆழமாக இருக்கும், இதில் நிறம் துடிப்பாக இருக்கும் என்கிறார்கள். எண்கள் அந்தப் பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அவை அதே எண்கள்தாம். நூறு இருநூறு ரூபாய் வயரிலும் ஆயிரத்தைத் தாண்டும் வயரிலும் அதே படம்தான் வரும். போய்ச் சேராவிட்டால் படம் மங்காது. வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும், விட்டு விட்டு வரும், அல்லது வரவே வராது. பார்த்த உடனே தெரிந்துவிடும். தூரம் பத்து மீட்டரை ஒட்டிப் போகும்போது மட்டும் நல்ல வயரைத் தேட நியாயம் உண்டு. அட்டையில் 48 கிகாபிட் என்று அச்சிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் வயர் 8கே படங்களுக்கானது. நம் டிவிடியின் சட்டகம் 720க்கு 576 புள்ளி. ப்ளூரே கூட 1920க்கு 1080 புள்ளிதான். இவற்றுக்கு ஹை ஸ்பீட் என்று குறிக்கப்பட்ட சாதாரண வயரே ஏராளம்.

தங்கமுலாம் பற்றி எங்கள் பகுதிக்காரர்களிடம் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. வடுவும் தழும்பும் உள்ள தோலை பஃபிங் செய்து மேற்புறத்தைச் சுரண்டி, மேலே பிக்மென்ட் அடித்து, செயற்கையாக ரேகை பதித்து ஃபினிஷிங் கொடுத்தால், கண்ணாடிக் கூண்டுக்குள் அது அசல் தோலைவிட அழகாக இருக்கும். தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிக்கத் தெரிந்த ஆள், வயர் கடையில் மினுக்கத்துக்கு மயங்குவது எங்களுக்கு எப்போதும் வியப்பு. ஆனாலும் தங்கத்துக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். தோலில் மயிர் நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு சேரும்போது அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு எழுகிறது. ஹைட்ரஜன் சல்பைடான அது செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும்; தங்கத்தை எளிதில் தொடாது. தொழிற்சாலைகளை ஒட்டிய தெருக்களில் பூச்சுத் தேய்ந்த பின்கள் கறுத்துப்போவதைப் பார்க்கிறோம். படத்தை அழகாக்குவதற்காக இல்லாவிட்டாலும், பின் கறுக்காமல் இருப்பதற்காக அங்கே தங்கமுலாம் வாங்கலாம். மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பின்னைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினால் போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லோரும் எச்டிஎம்ஐக்கு ஓட வேண்டும் என்பதில்லை. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு 2011 வரை வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். 14 அங்குலப் பெட்டிகள். எங்கள் பக்கத்து வீடுகளில் நாங்கள் பார்த்த அந்தப் பெட்டிகளில் மஞ்சள் துளை இருந்தது. அந்த அளவு திரையில், கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மஞ்சள் வயரே போதுமானதாக இருந்தது. ஊர்ந்த எறும்புகள் அவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை. அன்று பெரும்பாலும் ஓடியது விசிடி. அதன் சட்டகம் 352க்கு 288 புள்ளிதான். வானவில் வரவைக்கும் அளவுக்கு நுணுக்கம் அதில் கிடையாது. விசிடிக்கு எந்த வயரும் ஒன்றுதான். பெட்டி மாறியபோதுதான் சிக்கல் வந்தது. அதே பிளேயரும் அதே வயரும் நாற்பத்து மூன்று அங்குல எல்இடி திரைக்கு இடம் மாறின. சின்னத் திரையில் ஒளிந்திருந்த குறைகளெல்லாம் ஆளுயரத்துக்கு வந்து நின்றன. பழைய பெட்டியே நன்றாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதை ஏக்கம் என்று ஒதுக்க வேண்டாம். அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது வரும் பல தொலைக்காட்சிகளில் மஞ்சள் துளையே இருப்பதில்லை. ஹெட்போன் துளைபோல ஒரு சிறு துளையில் ஏவி என்று எழுதியிருக்கும். அதற்கு மூன்று பின்னாகப் பிரியும் குட்டி வயர் வேண்டும். அந்தக் குட்டி வயர் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது என்று நினைத்து வாங்கக் கூடாது. உள்ளே எந்த வளையத்தில் படம், எந்த வளையத்தில் ஒலி என்ற வரிசை மாறுபடுகிறது. படத்துக்குப் பதிலாக உறுமல் கேட்டால் தொலைக்காட்சி பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இன்னொரு வழியாக, மஞ்சளை எச்டிஎம்ஐ ஆக்கித் தருகிறேன் என்று தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்று விற்கிறது. கலந்ததைப் பிரிக்கும் அதே வேலையை, பெரும்பாலும் தொலைக்காட்சியைவிட மோசமாக, அந்தப் பெட்டி செய்கிறது. அதன்பின் எச்டிஎம்ஐ வழியாகப் போவதனால் போன கூரை திரும்பி வராது. அந்தப் பணத்தோடு சற்றுச் சேர்த்து, எச்டிஎம்ஐ துளையுள்ள பழைய பிளேயர் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம்.

சதுரமான பழைய படத்தை அகலத் திரை முழுவதும் இழுத்து விரித்து, சிவாஜி கணேசனைக் குட்டையாக்கிப் பார்ப்பவர்களுக்கு வயர் பற்றிப் பேச உரிமையில்லை என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறோம்.

இதுவரை சொன்னது பார்ப்பதைப் பற்றி. பார்ப்பதில் தவறான வயரை மாட்டினாலும் நாளை மாற்றிக்கொள்ளலாம். வட்டு அப்படியேதான் இருக்கும். படியெடுப்பதில் அப்படி இல்லை. எங்களுக்கு உண்மையான கவலை இங்கேதான். வடாற்காட்டுப் பகுதியின் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடந்த இரவுகளை, 1990களிலும் 2000களிலும் உள்ளூர் வீடியோ ஸ்டுடியோக்காரர்கள் கல்யாண வீடியோ எடுக்கும் அதே கேமராவில் பதிவு செய்தார்கள். எழுத்தாளர்கள் சிற்றூர்க் கூட்டங்களில் பேசியதும் இப்படிப் பதிவாகியிருக்கிறது. பரண்களில் கிடக்கும் அந்தக் கேசட்டுகளில் இருக்கும் கட்டியங்காரர்களும் துரியோதனர்களும் பலர் இன்று உயிரோடு இல்லை. வேறு பிரதியும் இல்லை. உலகின் கடைசி விசிஆர் தயாரிப்பாளராக இருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகளின் ஹெட் தேய்ந்து முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. பலர் செய்கிறார்கள். மஞ்சள் வயரில் செய்கிறார்கள்.

ஆகவே வகை பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண விஎச்எஸ் கேசட் என்றால் மஞ்சளால் பெரிய நஷ்டமில்லை. நாடாவிலேயே நுணுக்கம் குறைவு. எஸ்-வீடியோ துளையுள்ள டெக் கிடைத்தால் ஓர எறும்புகள் நீங்கும், அவ்வளவே. ஆன்டெனா துளை வழியாக மட்டும் எடுக்கவே கூடாது. சூப்பர் விஎச்எஸ், ஹை-8 என்றால் எஸ்-வீடியோ கட்டாயம். விரல் நீளமே உள்ள மினிடிவி கேசட்தான் அதிகம் வீணாவது. அதில் படம் எண்களாகவே பதிவாகியிருக்கிறது. கேமராவின் பக்கவாட்டில் உள்ள ஃபயர்வயர் துளையைக் கணினியோடு இணைத்தால் நாடாவில் உள்ளது உள்ளபடியே இறங்கிவிடும். இதை விட்டுவிட்டு, கேமராவிலிருந்து மஞ்சள் வயரில் டிவிடி ரெக்கார்டருக்கு ஏற்றி, ஒரு வட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். புஜக்கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னும் இடமெல்லாம் பொய் நிறம் படிந்துவிடுகிறது. அந்தப் படிந்த நிறத்தை எந்த எச்டிஎம்ஐயாலும் பின்னால் துடைக்க முடியாது. அதோடு கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால், எதிர்காலத்துக்கு மிஞ்சுவது அந்த வட்டு மட்டுமே. வீட்டில் எழுதிய டிவிடிகளுக்கோ வயரே தேவையில்லை. வட்டைக் கணினியில் போட்டு உள்ளிருக்கும் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதும், அதுவே மூலம். எழுதக்கூடிய வட்டின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கக்கூடியது. வேலூர்க் கோடையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த வட்டுகளை முதலில் எடுப்பது நல்லது.

ஸ்டுடியோவில் கேசட்டைக் கொடுக்கும்போது எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்கிறோம். எந்த வயரில் ஏற்றுவீர்கள் என்றும் கேட்க வேண்டும். மினிடிவிக்கு ஃபயர்வயர் இல்லை என்று சொன்னால் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். கோப்பாகக் கொடுங்கள், வட்டாக வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த பிறகும் கேசட்டை எறியக் கூடாது. உலர்ந்த இடத்தில், நிற்கவைத்து.

எங்கள் கையில் இப்போது கூத்துப் பதிவுகளாகப் பதினோரு மினிடிவி கேசட்டுகள் இருக்கின்றன. கேமரா ஓடுகிறது. இன்றைய கணினிகளில் ஃபயர்வயர் துளை வருவதில்லை. அந்தத் துளை உள்ள பழைய மடிக்கணினியோ, மேசைக் கணினியில் செருகும் கார்டோ வாசகர்கள் யாரிடமாவது சும்மா கிடந்தால் ஒரு மாதத்துக்குக் கடனாகத் தந்து உதவலாம். நான்கு முள்ளும் ஆறு முள்ளும் உள்ள வயர் எங்களிடமே இருக்கிறது.